கப்பல் சாமிக்கு எந்த மூக்கு?

விருதுநகரில் தங்கப்பாண்டியனின் கமிஷன் கடைக்கு மிளகாய் வற்றல் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கொஞ்சம் யோசித்துத்தான் படியேறுகிறார்கள். "அண்ணாச்சி, குண்டு வத்தல் என்ன நெலவரம்?" என்று கேட்டால் போதும், நிலவரம் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் இரண்டாம் உலகப் போர் வரும். நாலு எஞ்சின் வைத்த குண்டுவீச்சு விமானம் வரும். அதில் பழைய ரகத்துக்கு மூக்கு கண்ணாடியால் ஆனது, புது ரகத்துக்கு மூக்கிலேயே துப்பாக்கிக் கூண்டு உண்டு என்கிற பாடம் வரும். எல்லாவற்றையும் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே கேட்க வேண்டும். அவசரக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கடைக்காரர் விழுந்த விமானத்துக்கு மாதாமாதம் விளக்குப் போடுவதாகக் கேள்வி.

இந்த நோய் அவருக்குத் தொற்றியது மகள் பிரீத்திகாவின் கலியாணப் பந்தியில்.

தங்கப்பாண்டியனுக்குப் பூர்வீகம் அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அவர் குடும்பத்துக் கரிசல் காட்டின் ஓரத்தில் கப்பல் சாமி இருக்கிறார். கடல் எந்தத் திசையில் என்றே தெரியாத ஊரில் கப்பலுக்கு என்ன ஜோலி என்று கேட்கக் கூடாது. யுத்தகாலத்தில் ஓர் ஐப்பசி மழையில், தீபாவளியை ஒட்டி, ஆகாயக் கப்பல் ஒன்று இடியோடு இடியாக வந்து அந்தக் காட்டில் விழுந்து எரிந்தது. பட்டாளத்து லாரி வந்து பெரிய துண்டுகளை அள்ளிக்கொண்டு போனது. உள்ளே இருந்த மனுசர்களில் மிஞ்சியது கரியும் சாம்பலும்தான். அதை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அப்படி அகாலமாய்ச் செத்தவர்களைச் சும்மா விட முடியுமா? லாரிக்காரர்கள் விட்டுப்போன ஒரு பெரிய தகட்டைக் குழிமேட்டில் நட்டு, சந்தனம் பூசி, சிவப்புப் பட்டுச் சுற்றிச் சாமியாக்கிவிட்டார்கள்.

படையல் போடுவது அந்தக் காட்டில் கூலிவேலை பார்த்த குடும்பங்கள். இப்போது அவர்கள் எல்லாரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். தீபாவளி முடிந்து கம்பெனி கதவடைக்கிற வாரம்தான் அவர்களுக்கு ஓய்வு என்பதால் அந்த வாரத்தில் படையல். வெள்ளைக்காரச் சாமி ஆயிற்றே, பிஸ்கட், சிகரெட், அவித்த முட்டை எல்லாம் உண்டு. சாத்தூர்ப் பக்கத்தில் வந்து விழுந்ததற்காகக் காராச்சேவும் உண்டு.

கலியாணப் பந்தியில் தங்கப்பாண்டியன் இந்தக் கதையை எடுத்துவிட்டு, எடுப்பாக இருக்கட்டும் என்று "நாலு எஞ்சின் வச்ச ஜப்பான்காரன் ஏரோப்ளான்" என்று முடித்தார். மாப்பிள்ளையின் அப்பா பாண்டிராஜ் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளப் பட்டியல் போடுகிற பிரிவில்தான் இருந்தார், ஆனால் ஆகாயமே தன் பெயரில் பட்டா ஆனது மாதிரி பேசுவார்.

"ஜப்பான்காரன் நாலு எஞ்சினோட இங்கன எங்க சம்பந்தி வந்தான்? அது லிபரேட்டர்னு குண்டு போடுற ப்ளேன். இங்கிலீஸ்காரன் ஓட்டுனது. அதுல எந்த மாடல்னு சொல்லுங்க பார்ப்போம்."

தெரியலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரசத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் தங்கப்பாண்டியன் பரம்பரையில் அந்த வார்த்தையைச் சொன்ன ஆள் கிடையாது. நெல்லை ரயில் எத்தனை மணிக்கு என்று வழியில் போகிறவன் கேட்டாலும் ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்புவார்கள். ரயிலைப் பிடிப்பது கேட்டவன் பாடு.

"பழைய மாடல்தான்" என்றார்.

"எப்பிடிச் சொல்றீக? மூக்கு கண்ணாடியா, கூண்டா?"

பந்தியே கையை இலையில் வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தது. "மூக்குன்னா... மூக்கு மாதிரிதான்" என்றார் தங்கப்பாண்டியன். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவன் சிரித்த சிரிப்பில் பாயசம் வேட்டியில் கொட்டியது.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. வற்றல் மூட்டைமேல் உட்கார்ந்து செல்போனில் தேடித் தேடி, கடல் தாண்டி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார். விழுந்த விமானங்களைப் பற்றி மட்டுமே பேசுகிற கூட்டம். அதில் இரண்டு கிழவர்கள் ஓர் ஆணியின் தலையைப் பற்றிப் பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட இடம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது தங்கப்பாண்டியனுக்குப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருந்தது.

மனைவி கற்பகத்தின் முகத்தில்தான் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உலகத்துல விழுந்த ஏரோப்ளானையெல்லாம் பொறுக்கிட்டு இருக்கீக. நம்ம வீட்டு போர்வெல்லுல மோட்டார் விழுந்து கெடக்கு. அதத் தூக்க ஒரு ஆளக் கூட்டியாரத் துப்பில்ல."

கூட்டத்தில் தெரியவந்த சேதி இது. அந்த மழை நாளில் ஒரே ஓடுதளத்தில் இருந்து கிளம்பிய இரண்டு விமானங்கள் திரும்பவில்லை. ஒன்று பழைய ரகம், ஒன்று புது ரகம். ஒன்று கடலில் போனது, ஒன்று தரையில் விழுந்தது. எது எங்கே என்பதைப் பட்டாளத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியவர் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார் போலிருக்கிறது. ஆக, கப்பல் சாமிக்கு எந்த மூக்கு என்று தெரிந்தால், குழிக்குள் இருப்பது யார் யார் என்று தெரிந்துவிடும்.

இது தெரிந்ததும் இரண்டு வீட்டார் அவருக்கு எழுதினார்கள். இங்கிலாந்தில் இருந்து ஜூடித் என்கிற அம்மாள். எழுபதைத் தாண்டியவர். அவருடைய தாய்மாமா புது ரக விமானத்தில் கம்பியில்லாத் தந்தி பார்த்தவர். ஜூடித்தின் அம்மா சாகிற வரைக்கும் தம்பி எங்கே கிடக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இன்னொன்று கனடாவில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுப் பையன் பழைய ரகத்தில் போனவன்.

ஜூடித், "நான் நேரில் வருகிறேன்" என்று எழுதினார். கனடாக்காரர்கள் அப்படி எழுதவில்லை. ஆகவே விழுந்தது புது ரகம் என்று தங்கப்பாண்டியன் முடிவுக்கு வந்தார். கனடாவுக்குப் பதில் போடவும் இல்லை. பந்தியில் பழைய மாடல் என்று சொன்னவரும் இவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறந்துவிட்டார்.

இனி வேண்டியது ஆதாரம். பட்டுக்குள் இருக்கிற தகட்டில் ஓர் எண் இருக்கும், அதன் முதல் இரண்டு எழுத்தே ரகத்தைச் சொல்லிவிடும் என்று கூட்டத்தில் எழுதினார்கள். ஜூடித் டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

கப்பல் சாமிக்கு இப்போது விளக்கேற்றுவது குருவம்மாள். அவள் கணவன் சங்கிலிமுத்துதான் பூசாரியாக இருந்தான். பட்டாசுக் கம்பெனி விபத்தில் அவன் போன பிறகு இவள் பார்க்கிறாள். பட்டுத்துணியை அவிழ்க்க வேண்டும் என்று தங்கப்பாண்டியன் கேட்டதும் அவள் உடனே சம்மதிக்கவில்லை.

"சாமி மூஞ்சிய யாரும் பார்த்ததில்ல அண்ணாச்சி. சாமிகிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பார்த்துக்கிடுவோம்."

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சங்கிலிமுத்து போன அதே விபத்தில் அவள் கணவனும் போனான். இப்போது குருவம்மாளும் அவளும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள்.

சிவப்பு.

"பொட்டலத்தச் சரியா மடிக்கலை. இன்னொரு தடவ போடு" என்றார் தங்கப்பாண்டியன். மறுபடியும் சிவப்பு. "காத்து அடிக்கிது. பொட்டலம் ரெண்டும் மாறிப்போச்சு" என்றார். மூன்றாவது தடவை வெள்ளை வந்தது.

"சாமியே அலுத்துப்போயி சரின்னுட்டாரு" என்றாள் குருவம்மாள்.

ஒவ்வொரு பட்டாக உரித்தார்கள். அடியில் சந்தனமும் எண்ணெயும் பாறையாக இறுகிக் கிடந்தன. வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் குருவம்மாள் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் தகட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. தங்கப்பாண்டியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படம் பிடித்துக் கூட்டத்துக்கு அனுப்பினார். ஒரு கிழவர், அது இறக்கையின் ஆணி வரிசை என்றார். இன்னொருவர், முட்டாளே, அது பழுது பார்த்த இடத்தின் குறியீடு என்றார். இரண்டு பேரும் பழைய சண்டையை விட்டுவிட்டுப் புதுச் சண்டையைத் தொடங்கினார்கள்.

குருவம்மாள் இன்னும் ஒரு தேய்ப்பு தேய்த்தாள். புள்ளிகள் சேர்ந்து எழுத்தாயின. "பெத்தணன் – முத்துமாரியம்மாள் திருமணம்."

பெத்தணன் வேறு யாருமில்லை, தங்கப்பாண்டியனின் அப்பாவைப் பெற்ற தாத்தா. முத்துமாரியம்மாள் அவர் கட்டியவள். கப்பல் சாமி, பாத்திரக் கடையில் பேர் வெட்டி வாங்கிய கலியாண அண்டா. அடித்துத் தட்டையாக்கி நட்டு வைத்திருந்தது.

"அண்டாவா?" என்றாள் பாண்டிமீனா.

"அதான் எம்புட்டுப் படைச்சாலும் சாமிக்குப் பத்தலையா!" என்றாள் குருவம்மாள். இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கப்பாண்டியன் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணன் ரத்தினசாமியிடம் போய்க் கேட்டார். அவர் ஈசிச்சேரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அந்தத் தகடா? அத அடுத்த வருசமே தாத்தா சிவகாசிக்காரன்ட்ட போட்டுட்டாருலே. அவன் அரைச்சு அலுமினியப் பவுடராக்கிட்டான். அந்தத் தீவாளிக்கு நம்ம வீட்டு மத்தாப்பு மாதிரி எவன் வீட்லயும் எரியலன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரே, ஒனக்கு ஞாபகமில்ல? பெறகு கனவுல யாரோ வெள்ளையா வந்து நின்னாகன்னு பயந்துபோயி, அண்டாவ அடிச்சு நட்டுட்டாரு."

உலகத்தில் எத்தனையோ விமானங்கள் விழுந்திருக்கின்றன. விழுந்த பிறகு மத்தாப்புப் புகையாகி மறுபடியும் ஆகாயத்துக்குப் போன விமானம் இது ஒன்றாகத்தான் இருக்கும். இதை அப்படியே கூட்டத்தில் எழுதினால் அந்தக் கிழவர்கள் இரண்டு பேரும் முதல் தடவையாக ஒத்துப்போய் ஒன்றாக மயங்கி விழுவார்கள். தங்கப்பாண்டியன் எழுதவில்லை. ஜூடித்துக்கும் சொல்லவில்லை. நேராக சிவகாசிக்குப் போய் அச்சாபீஸ் வைத்திருக்கும் பாண்டிமுருகனைப் பார்த்தார்.

"தகடுதான அண்ணாச்சி? இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்தீக?" என்றான் பாண்டிமுருகன். "நம்பர் சொல்லுங்க, எழுத்து எழும்பி நிக்கிற மாதிரி போட்டுத் தாரேன். பழசா வேணுமா, ரொம்பப் பழசா வேணுமா?"

சும்மா சொல்லக் கூடாது, சிவகாசிக்காரன் கைக்கு மூளியாவது குறையாவது! புது ரகத்தின் எண், அதைச் சுற்றி நெருப்புப் பட்ட கருப்பு, ஓரத்தில் நசுங்கல், கொஞ்சம் துரு மாதிரி ஒரு நிறம். உள்ளங்கை அளவு. அசல் இருந்திருந்தால்கூட இவ்வளவு அசலாக இருந்திருக்காது. பாண்டிமுருகன் ஓர் இலவசமும் கொடுத்தான், வரவேற்பு ஃப்ளெக்ஸ். அதில் துபாய்க்குப் போகிற பயணிகள் விமானம், அதன் ஜன்னலில் ஜூடித்தின் மாமா, மேகத்துக்கு நடுவில் கைகூப்பிய தங்கப்பாண்டியன். கீழே "விமான ஆய்வுச் செம்மல்."

தீபாவளி முடிந்த வாரம் ஜூடித் வந்தார். கமிஷன் கடையில் கால் வைத்ததும் விடாமல் தும்மினார். எண்ணெய்ப் பரோட்டாவைப் பார்த்துப் பயந்தார், பிறகு இன்னொன்று கேட்டார். கற்பகத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "பாவங்க, அம்மாவுக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. அவுககிட்ட எதையாவது அளந்து வைக்காதீக" என்று கணவனிடம் சொன்னாள். தங்கப்பாண்டியன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உச்சிவேளைப் படையல். காட்டில் கூட்டம். நடுவில் அண்டா மறுபடியும் சந்தனமும் பட்டுமாகக் கம்பீரமாக நின்றது. முன்னால் இலைகள் வரிசையாக விரிந்திருந்தன. செல்போனோடு ஒரு நிருபர். ஃப்ளெக்ஸ் நிழலில் நாற்காலி போட்டு சம்பந்தி பாண்டிராஜ், கையில் காராச்சேவுப் பொட்டலம்.

ஜூடித் சிவப்புக் காகிதப் பூக்கள் கட்டிய ஒரு வளையத்தைக் கொண்டு வந்திருந்தார். அதை வைக்காமல் குழிமேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கப்பாண்டியனிடம் மெதுவாகக் கேட்டார். இங்கே இருப்பது என் மாமாதானா, நிச்சயம்தானா? நிச்சயம் என்றால் ஊருக்குத் திரும்பியதும் அம்மாவின் கல்லறையில் போய்ச் சொல்ல வேண்டும்.

தங்கப்பாண்டியனின் கை சட்டைப் பைக்குள் போனது. தகடு சில்லென்று தட்டுப்பட்டது.

"என்ன கேக்காக?" என்றாள் குருவம்மாள்.

"உள்ள இருக்கது அவுக மாமாதானான்னு கேக்காக. நிச்சயமாத் தெரியுமான்னு."

குருவம்மாள் கையில் இருந்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் சொல்றத அந்தம்மாட்ட அப்பிடியே சொல்லுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரும் பாண்டிமீனா வீட்டுக்காரரும் ஒரே ரூம்லதான் மருந்து கலந்துட்டு இருந்தாக. துணியில கட்டி ரெண்டு மூட்டை குடுத்தாக. இது ஒனக்கு, அது அவளுக்குன்னாக. எப்பிடிய்யா தெரியும்னு கேட்டேன். வாங்கிட்டுப் போம்மான்னாக. அப்பெல்லாம் டெஸ்ட்டு கிஸ்ட்டு ஏது? நான் ஒண்ணப் பொதைச்சேன், அவ ஒண்ணப் பொதைச்சா. எந்தக் குழியில யாரு கெடக்காகன்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ரெண்டு பேருமே ரெண்டு எடத்துலயும் பூ வைக்கோம். அவ புருசனுக்கு நான் அழுதிருக்கேன், எம்புருசனுக்கு அவ அழுதிருக்கா."

பாண்டிமீனா இலையில் முட்டை வைத்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

தங்கப்பாண்டியனுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் இறக்கை, வால், எஞ்சின், ஆணி. இதைச் சொல்ல அதில் ஒன்றும் உதவவில்லை. திக்கித் திக்கி, இன்னொரு கையைக் காட்டி, பாண்டிமீனாவைக் காட்டி, குருவம்மாளைக் காட்டி, ஒருவழியாய்ச் சொல்லி முடித்தார். சட்டைப் பையில் இருந்து கை வெறுமையாக வெளியே வந்தது. விமானத்துத் தகடு இப்போது இல்லை, எங்கள் தாத்தா விற்றுவிட்டார், பட்டுக்குள் நிற்பது அண்டா, குழிக்குள் இருப்பது யார் என்று எனக்குத் தெரியாது என்று ஜூடித்திடம் சொன்னார். கனடாவில் ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு நான் பதில் எழுதவில்லை என்பதையும் சொன்னார்.

ஜூடித்துக்குக் கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை. பிறகு பாண்டிமீனாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து வளையத்தின் கட்டைப் பிரித்தார். பாதிப் பூவைக் குழிமேட்டின் ஒரு பக்கம் வைத்தார், மீதியை இன்னொரு பக்கம். "கனடாக்காரர்களின் முகவரியைக் கொடுங்கள், நான் எழுதுகிறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிழலில் இருந்து குரல் வந்தது. "என்ன சம்பந்தி? எந்த மூக்குன்னு கண்டுபிடிச்சிட்டீகளா? கூண்டா, கண்ணாடியா?"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. நிருபர் செல்போனைத் தூக்கினார்.

"தெரியலை சம்பந்தி" என்றார் தங்கப்பாண்டியன்.

பாண்டிராஜ் கையில் எடுத்த காராச்சேவைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டார். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டிருந்த கற்பகம் அதை இறக்கி வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். கட்டிய நாளில் இருந்து அந்த வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"சூடத்தட்ட வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேனே" என்று குருவம்மாள் சுற்றும் முற்றும் தேடினாள். தங்கப்பாண்டியன் சட்டைப் பையில் இருந்து தகட்டை எடுத்து நீட்டினார்.

"இதென்ன அண்ணாச்சி, நம்பரெல்லாம் போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல, ஏத்து."

அவள் அதன்மேல் சூடத்தை வைத்துப் பற்ற வைத்தாள். பாண்டிமுருகன் போட்ட எண் புகையில் கருத்து மறைந்தது. முதலில் அண்டாவுக்குக் காட்டினாள், பிறகு குழிமேட்டுக்கு, பிறகு ஒவ்வொருவருக்கும். பாண்டிமீனா செய்ததைப் பார்த்து, ஜூடித்தும் தீயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.